அரிசி டப்பாவில் ஒளித்த இறக்கை

என் உசுருத் தம்பி குமரேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று உனக்கு எழுத முடியாது. உன் உடம்பை இனி எந்த வியாதியும் ஒன்றும் செய்யாது, என் உடம்புதான் இப்போது கேள்வி. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறதடா. ஆடி பிறந்ததிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை.

உனக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னவள் உன் மருமகள், என் மகள் தீபாதான். நம்மைப் போல வாயை மூடிக்கொண்டு பயந்து கிடக்கிற வேறு வீட்டுக்காரர்களும் படிக்கட்டும் என்கிறாள். அவள் பேச்சைத் தட்ட முடியுமா? ஆகையால் உனக்குத் தெரிந்த கதையையே நடுவில் சொன்னால், "அக்கா, தேஞ்ச ரெக்கார்டு" என்று கிண்டல் பண்ணாதே. பொறுமையாகக் கேள்.

முதலில் நல்ல சேதி. தீபாவுக்குக் கல்யாணம். ஆவணியில். மாப்பிள்ளை மேட்டுப்பாளையம், பாக்கு வியாபாரம் செய்கிற குடும்பம். பையன் பெயர் பிரபு, இங்கே ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் பார்க்கிறான். நல்ல உயரம், கொஞ்சம் கூச்சம், போண்டா என்றால் உயிர். நீ இருந்திருந்தால் இந்நேரம் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாய்.

கல்யாணம் என்றதும் எனக்கு ஷோகேஸ் மேல் தட்டுதான் ஞாபகம் வந்தது. நீ கடைசியாகச் செய்த ஏரோப்ளேன் அங்கேதான் நிற்கிறது. உடம்பும் வாலும் முடித்திருக்கிறாய், இறக்கை மட்டும் இல்லை. தூசி படியாமல் பழைய துப்பட்டாவைப் போட்டு மூடி வைத்திருந்தேன். எடுத்துத் துடைத்தபோது நீ சொன்னது அப்படியே காதில் கேட்டது.

"தீபா கல்யாணத்துக்கு மாமன் சீர்ல, பட்டுச்சேலைக்கு மேல ஏரோப்ளேன வெப்பேனுங்க்கா. றெக்கைக்கு அவ கல்யாணப் பத்திரிகைதான் அட்டை. நீங்கதான் நீவோணும்."

நம் இருவருக்கும் அதுதானே பழக்கம். நீ அச்சகத்தில் கட்டிங் மெஷினில் நின்றவன், மிச்சம் விழும் அட்டையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வருவாய். அளவு பார்ப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் உன் வேலை. இறக்கை வளைப்பது மட்டும் என் வேலை. துண்டை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் அட்டையை வைத்து, பூரிக்கட்டையால் மெல்ல நீவ வேண்டும். எடுத்துப் பார்க்க வேண்டும், திரும்ப நீவ வேண்டும். முன் ஓரத்துக்கு மட்டும் சைக்கிள் சக்கரத்துக் கம்பியை உள்ளே கொடுத்து உருட்ட வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் மடிப்பு விழுந்துவிடும். மடிப்பு விழுந்த இறக்கையை நீ தொடக்கூட மாட்டாய். வலதும் இடதும் ஒரே வளைவு இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சாய்ந்து போய் முள்வேலியில் விழும் என்பாய். எத்தனை ஏரோப்ளேன்களை வேலியிலிருந்து எடுத்திருக்கிறோம்.

உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உன் கை நன்றாக இருந்த காலத்திலேயே கிடையாது. "பூரி தேய்க்கற கைக்குத்தான் றெக்கை வருது" என்று என்னிடமே தள்ளிவிடுவாய். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், வெளியே திட்டுவேன்.

இனி, பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

நம் அப்பா மோட்டார் பட்டறைக்காரர். சொட்டு சாராயம் தொடாத மனுசன். அவர் தெருவில் தள்ளாடி நடக்க ஆரம்பித்தபோது போத்தனூர் முழுக்க, பழனியப்பன் பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு வருகிறான் என்று பேசிற்று. அம்மாவே ஒரு நாள் வாயை ஊதச் சொன்னாள். அப்புறம் கை போயிற்று, பேச்சு குழறிற்று, ஆள் போய்ச் சேர்ந்தார். என்ன வியாதி என்று யாரும் பெயர் சொல்லவில்லை.

உனக்கு ஆரம்பித்தது பசை தடவும்போது. கோடு போட்டாற்போலத் தடவுகிற கை, அலை அலையாகத் தடவியது. "கை வேர்க்குதுங்க்கா" என்றாய். மார்கழி மாதம், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உனக்கு மட்டும் கை வேர்க்கிறதாம்! கொஞ்ச நாளில் அச்சகத்தில் கட்டிங் மெஷின் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு வியாதி, பரம்பரையாக வருவது, அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றார். சொல்லிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

நீயும் என்னை வற்புறுத்தவில்லை. "தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்" என்று நான் சொன்னதற்கு, சரிங்க்கா என்று விட்டுவிட்டாய். நான் உனக்கு மூத்தவள். தம்பிக்கு வந்துவிட்டது, எனக்கு இத்தனை வயதுவரை வரவில்லை, அப்படியானால் நான் தப்பித்துவிட்டேன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சிலருக்கு வயது போனபிறகுகூட வரும் என்று அந்த டாக்டர் சொன்னது காதில் விழாத மாதிரியே இருந்துவிட்டேன். நீ ஏன் கல்யாணமே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தாய் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஏரோப்ளேன் செய்யவே நேரம் இல்லை என்பாய். அப்பாவைப் பார்த்தே உனக்குச் சந்தேகம் இருந்ததா குமரேசா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சரி, இறக்கைக்கு வருகிறேன்.

பத்திரிகை அடிக்கிற கடையில் அட்டை தேர்ந்தெடுக்கச் சொல்லி மாதிரிக்கு ஒன்று கொடுத்தனுப்பினார்கள். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு மாப்பிள்ளை பெயர் போட்ட பழைய பத்திரிகை. அதே அட்டையைத்தான் தீபாவுக்கும் சொன்னோம். கைப்பழக்கம் விட்டுப் போயிருக்கும், இதில் வலது இறக்கை ஒன்று செய்து பார்ப்போம் என்று நீ வெட்டி வைத்திருந்த இறக்கை அச்சை அதன்மேல் வைத்து வெட்டினேன். அந்தப் பிள்ளைகள் பெயருக்கு நடுவிலேயே கத்தி போயிற்று. யாரோ பெற்ற பிள்ளைகள்தானே, எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. என் நல்ல மனசைப் பார்!

அந்த வலது இறக்கை வந்தது பாரு தம்பி, வெண்ணெய். நாலு தடவை நீவியதிலேயே தானாக வளைந்து கொடுத்தது. ஒரு சுருக்கம் இல்லை. வலதுக்கு இதுவே இருக்கட்டும், இடதை மட்டும் தீபா பத்திரிகையில் செய்துகொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. கை இன்னும் நல்லா இருக்குதுடா குமரேசா என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆனி கடைசியில் தீபாவின் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகையை வெள்ளகோவில் பக்கம் நம் குலதெய்வத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். வீட்டுக்கு வந்து மற்றதுக்கெல்லாம் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக் காயப் போட்டேன். காய்ந்ததும் ஒன்றை எடுத்து இடது இறக்கைக்கு அளவு வைத்தால், கத்தி நேராக "தீபா" என்ற எழுத்துக்கு மேல் வந்து நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்னாடி பெற்ற பிள்ளை பெயரில் கத்தி வைப்பார்களா? இரண்டு மூலை மஞ்சளும் வெட்டுப்படும். எனக்கு மனசு கேட்கவில்லை. அச்சைக் குறுக்கே திருப்பி, பெயருக்குக் கீழே, சொந்தபந்தம் பெயரெல்லாம் இருக்கிற இடத்தில் வைத்தேன். ரயிலில் ஓரத்து சீட்டு கிடைத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்திற்று. பெயரும் தப்பியது, மஞ்சளும் தப்பியது என்று சந்தோஷமாக வெட்டினேன்.

துண்டைப் போட்டு நீவினேன். அட்டை வளையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி நீவினேன். படக்கென்று ஒரு மடிப்பு விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வாய்க்கால் வாய்க்காலாக, பனையோலை விசிறி மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு பத்திரிகை எடுத்து அதே மாதிரி வெட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீவினேன். அதிலும் அப்படியே.

பூரிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தேன். அன்றைக்கு நல்லா இருந்த கை, அதற்குள் போய்விட்டதே. உனக்குப் பசை, எனக்கு இறக்கை. அவ்வளவுதான், வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நான் இருந்த இருப்பைக் கேட்டால் நீ சிரிப்பாய், அப்புறம் அழுவாய். டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, சிந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடப்பேன். டைல்ஸ் கோட்டின் மேலேயே காலை வைத்து நடப்பேன். நாக்கு குழறுகிறதா என்று பார்க்க, பாத்திரம் கழுவிக்கொண்டே போத்தனூர், பொள்ளாச்சி, பெரியநாயக்கன்பாளையம் என்று கண்டக்டர் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வேன். உன் மச்சான் பேப்பரை இறக்கிவிட்டு, "ஏன் சாந்தா, எந்த ஊருக்குப் போறே?" என்று கேட்டார். ஊருக்கும் போகலை, ஒண்ணுக்கும் போகலை, பேப்பரைப் படிங்க என்று எரிந்து விழுந்தேன். ஆடிக் காற்று வேறு பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசி, ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அது ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் எனக்குத் தூக்கிப்போட்டது. அப்படித் தூக்கிப்போடுவதும் வியாதியோ என்று இன்னொரு பயம்.

எனக்கு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை என்று இருந்திருப்பேன். எனக்கு இருந்தால் தீபாவுக்கும் பாதிக்குப் பாதி ஆயிற்றே. கல்யாணத்துக்கு நாள் குறித்து, மண்டபம் பேசி, பத்திரிகையில் மஞ்சளும் வைத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது? சொல்லாமல் எப்படி இருப்பது? யாரைக் கேட்பது? இதற்கெல்லாம் நான் உன்னைத்தானே கேட்பேன்.

கெட்டுப்போன இரண்டு இறக்கைகளையும் குப்பையில் போட மனசு வரவில்லை, பிள்ளை கல்யாணப் பத்திரிகை ஆயிற்றே. வெளியே வைத்தால் கண்ணில் படும். அரிசி டப்பாவுக்குள், அரிசிக்கு அடியில் புதைத்து வைத்தேன். அந்த டப்பாவை என்னைத் தவிர இந்த வீட்டில் யார் தொடுகிறார்கள் என்று ஒரு தைரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை தீபாவுக்குத் திடீரென்று ஞானோதயம். கல்யாணத்துக்கு முன்னாடி சமைக்கப் பழகுகிறேன், இன்றைக்கு அரிசிம்பருப்பு சாதம் நான்தான் என்று என்னை ஹாலில் உட்கார வைத்துவிட்டாள். அவள் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டதும் நான் ஓடினேன். அதற்குள் அரிசியில் ஆழாக்கை விட்டுவிட்டாள். ஆழாக்கோடு ஒரு இறக்கை மேலே வந்தது.

இது என்ன என்று கேட்கவில்லை அவள். அரிசியை உதறிவிட்டு இரண்டாவதையும் தோண்டி எடுத்தாள். நேராக ஷோகேஸுக்குப் போய் அந்த வலது இறக்கையையும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போலீஸ்காரன் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

"அம்மா, நல்லா இருக்கற றெக்கைல எழுத்தெல்லாம் பக்கவாட்டுல படுத்திருக்குது. கெட்டுப்போன ரெண்டுலயும் எழுத்து நேரா நிக்குது. நீ குறுக்கால வெட்டிப்போட்டியா?"

எனக்கு விளங்கவில்லை. அவள் இன்னொரு பத்திரிகையை எடுத்து ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, நாக்கில் ஒரு பக்கம் ஒற்றிக் காட்டினாள். துண்டு ஒரு பக்கமாகத் தானாகவே சுருண்டது. அப்போதுதானடா எனக்கு நீ ஞாபகம் வந்தாய். ஒவ்வொரு அட்டையையும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டைக் கிழித்து நக்குவாய். ஏண்டா எச்சில் பண்றே, கருமம் என்று நான் திட்டுவேன். "ஓட்டம் பாக்கறேனுங்க்கா" என்பாய். அட்டைக்கு என்ன ஓட்டம் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்கு மட்டும் நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய், காகிதத்தில் நார் ஒரு பக்கமாக ஓடுமாம். அதோடு சேர்ந்து மடக்கினால் வளையுமாம், அதற்குக் குறுக்கே மடக்கினால் முறியுமாம். நீ எப்போதும் ஓட்டம் பார்த்து வெட்டியே என் கையில் கொடுத்திருக்கிறாய். அதைத்தான் நான் இத்தனை வருசமாக என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு அட்டையில்! பெயரில் கத்தி படக்கூடாதென்று நான் செய்த சாஸ்திரத்தில்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோபாவில் சரிந்து விழுந்து சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கை சரியாத்தான் இருக்குது, கை சரியாத்தான் இருக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தீபா சிரிக்கவில்லை. என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அட்டை மேலதான் தப்புன்னா, உனக்கு இல்லைன்னு ஆயிருமாம்மா?"

என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள். மீதியையும் அவளே சொன்னாள். நிச்சயத்துக்கு முன்னாடியே பிரபுவைக் கூப்பிட்டு, தாத்தாவுக்கு இருந்தது, மாமாவுக்கு இருந்தது, அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது என்று எல்லாம் சொல்லிவிட்டாளாம். அவன் கொஞ்ச நாள் போனே பண்ணவில்லையாம். அப்புறம் ஒரு நாள் வந்து, நான் ஒரு டாக்டரைப் பாத்து விசாரிச்சேன், பயமாத்தான் இருக்குது, ஆனா உன்னை விட்டுட்டுப் போனாலும் பயமாத்தான் இருக்குது என்றானாம். அவன் அப்பா அம்மாவுக்கும் அவனே சொல்லியாயிற்றாம். இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அவர்கள் தட்டு மாற்ற வந்திருக்கிறார்கள். தாம்பூலத் தட்டோடு சிரித்துக்கொண்டு நின்ற சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இதோடு விட்டாளா? இனிமேல்தான் விஷயமே.

"நான் டெஸ்ட் எடுக்கலாம்னு போனேம்மா. எனக்கு இருக்குதுன்னு வந்தா, அது உன்கிட்ட இருந்துதான் வந்திருக்கும், அப்ப உங்கம்மாவுக்கும் இருக்குதுன்னு தெரிஞ்சு போயிரும்னாங்க. உனக்குத்தான் தெரிஞ்சுக்கவே பயமாச்சே. உன்னைக் கேக்காம உன்னுத நான் எப்படிப் பாக்கறது? திரும்பி வந்துட்டேன்."

எப்போ போனாய் என்று கேட்டேன். போன வருசம் என்றாள்.

போன வருசம்! ஒரு வருசமாக இந்தப் பிள்ளை எனக்காகப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நான் ஜன்னலைப் பார்த்தேன் அல்லவா, அந்த ஜன்னலுக்கு வெளியே இவள் நின்றிருக்கிறாள். என்னால் அழக்கூட முடியவில்லை குமரேசா. அவள் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அடுப்பில் வைத்த வாணலி காய்ந்து, எண்ணெய் வாசம் வீடெல்லாம் வந்தது. உன் மச்சான்தான் எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நீ டைல்ஸ் கோட்டுல நடக்கறப்பெல்லாம் உன் பொறத்தாலயே நானும் நடந்துட்டுத்தான் இருந்தேன். உழுந்துட்டீன்னா புடிக்கலாம்னு" என்றார். சொல்லிவிட்டு, சாதம் யாரு வெக்கறது என்று கேட்டார்.

நேற்று காலையில் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதலில் ஆலோசனை சொல்கிற ஒரு அம்மா உட்கார வைத்துப் பேசினார்கள். இப்போதே எடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, யோசித்துக்கொண்டு வரலாம், கல்யாணம் முடிந்துகூட வரலாம் என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எழுந்து ஓடிவிடலாமா என்று எனக்கு இருந்தது. செருப்புக்குள் காலைக்கூட விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த தீபா எடும்மா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான்தான் எடுத்துக்கறேனுங்க என்று சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன், நாக்கு குழறவில்லை.

ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண். கையை நீட்டினேன். வெடவெடவென்று நடுங்கிற்று. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கை எப்பவுமே இப்படி நடுங்குமாம்மா என்று கேட்டாள்.

"இல்லை கண்ணு, பயத்துல நடுங்குது" என்றேன்.

வெளி ஆள் ஒருத்தரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் சரிங்கம்மா என்று சொல்லி, நடுக்கம் அடங்குகிறவரை கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் ஊசியை எடுத்தாள். முடிவு வர நாளாகும் என்றார்கள். ஆவணிக்கு முன்னால் வருமோ, பின்னால் வருமோ தெரியாது. என்னுடையது வந்தபிறகு தீபா அவளுடையதைப் பற்றி முடிவு செய்வாளாம். அது அவள் இஷ்டம், நான் நடுவில் நிற்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தீபா கைகூடக் கழுவாமல் ஒரு புதுப் பத்திரிகையை எடுத்தாள். துண்டு கிழித்து நக்கிப் பார்த்து, ஓட்டத்தோடு அச்சை வைத்தாள். கத்தி நேராக அவள் பெயருக்கு மேல் வந்தது. வேண்டாம் கண்ணு, வேற வெள்ளை அட்டை வாங்கிக்கலாம் என்றேன்.

"மாமா என் பத்திரிகைலதானே செய்யோணும்னாரு. எம்பேருதானே, நானே வெட்டிக்கறேன்" என்று ஒரே இழுப்பில் வெட்டிவிட்டாள்.

முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியபடியே உட்கார்ந்து நீவினேன். துண்டு, பூரிக்கட்டை, சைக்கிள் கம்பி. படுத்த எழுத்தில் பாதித் "தீபா" இறக்கையின் முன் ஓரத்தில் சுருண்டு உள்ளே போயிற்று. இரண்டு முனையிலும் மஞ்சள் இருக்கிறது, இருக்கட்டும். கடைசிக் காலத்தில் உன் கால் இரண்டும் விறைத்துப் போகும்போது நான் உட்கார்ந்து நீவி விடுவேன். "றெக்கையை நீவற மாதிரி நீவுங்க்கா, அமுக்கிப்போடாதீங்க" என்று குழறிக் குழறிச் சொல்வாய். அதே மாதிரிதான் நீவினேன். மடிப்பு விழவில்லை. வலதும் இடதும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், ஒரே வளைவு.

இதனால் எனக்கு வியாதி இல்லை என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். இதை எழுதும்போதுகூட என் எழுத்து கோணுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். முடிவு வந்திருக்கிறது என்று போன் வரும்போது என்ன பண்ணுவேன்? உன் மாதிரி "சரிங்க" என்று வாங்கிக்கொள்ள எனக்கு வருமா? எனக்கு இல்லை என்று வந்தாலும், உன்னை மட்டும் விட்டுவிட்டு நான் தப்பித்த மாதிரி ஆகுமே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இருக்கிறது என்று வந்தால் முதலில் யார் முகத்தைப் பார்ப்பேன்? தெரியவில்லை தம்பி.

மாமன் சீருக்குப் பெரியப்பா மகன் உன் இடத்தில் நின்று தட்டு எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். முதல் தட்டு உன்னுடையது. பட்டுச்சேலை, அதன்மேல் உன் ஏரோப்ளேன், இரண்டு இறக்கையோடு. பார்க்கிறவர்கள் இது என்ன கூத்து என்று கேட்பார்கள். என் தம்பி சீர் என்று சொல்வேன்.

இனி நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. பயப்பட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். போன் வருகிற அன்றைக்கு தீபாவையும் உன் மச்சானையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் எடுப்பேன். கை நடுங்கினால் நடுங்குகிறது என்பேன். அரிசி டப்பாவில் இனிமேல் அரிசி மட்டும்தான் இருக்கும்.

உன் இறக்கைகளை நீவித் தந்த அக்கா,
சாந்தாமணி